ஐந்நூறு மைல் தள்ளிப் போய்ப் புதுக் கார் வாங்குவது

கடந்த மாதத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டன. வீட்டருகே இருக்கும் டீலர்கள் சொல்வதைவிட ஒஹாயோவிலோ வட கரோலினாவிலோ இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் குறைவாகப் புதிய கார் கிடைக்கிறதே, போய் எடுத்து வரலாமா என்பதுதான் அது. மூவரும் என்னைப் போல நியூ ஜெர்சியில் வசிப்பவர்கள். தனித்தனியாகச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். தாராளமாகப் போய் வாங்கலாம். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேரம் முழுவதும் முடிந்து, அது எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். கிளம்பிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

2022-இல் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் எங்களோடு தங்க வரவிருந்தார்கள். குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் போய்வர ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்று டொயோட்டா சியன்னாவைத் தேடத் தொடங்கினோம். சிப் தட்டுப்பாட்டால் எந்தப் புதிய வண்டியும் எளிதில் கிடைக்காத காலம் அது. அதிலும் சியன்னா 2021 மாடலிலிருந்து ஹைப்ரிட் மட்டுமே என்று ஆகிவிட்டதால் அதற்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். எங்கள் பகுதியில் கேட்ட இடங்களில் எல்லாம், வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் விலைக்கு மேல் ஐயாயிரம் டாலர் கேட்டார்கள். ஒஹாயோவில் கொலம்பஸுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்த டீலர் மட்டும் ஸ்டிக்கர் விலைக்கே தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். 500 டாலர் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, நூவர்க்கிலிருந்து கொலம்பஸுக்கு ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போய் இறங்கினேன். விற்பனையாளரே விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் சென்றார்; வழியில் காபியும் வாங்கிக் கொடுத்தார்.

மேசையில் வைத்த தாளில், பேசிய விலைக்குக் கீழே நான்கு வரிகள் கூடுதலாக இருந்தன. பெயின்டுக்கும் இருக்கைத் துணிக்கும் பாதுகாப்புப் பூச்சு, டயர்களில் நைட்ரஜன், கண்ணாடிகளில் வின் எண் (வண்டிக்கான தனி அடையாள எண்) பொறிப்பு, சக்கரங்களுக்குப் பூட்டு நட்டு என எல்லாம் சேர்ந்து 1,895 டாலர். எங்களிடம் வரும் எல்லா வண்டிகளுக்கும் இவற்றை முன்பே செய்துவிடுகிறோம், இனி நீக்க முடியாது என்றார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் திரும்பிப் போக டிக்கெட் இல்லை, கடன் ஒப்புதலின் தேதி முடியவிருந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அம்மா வந்து இறங்குகிறார்கள். நான் எங்கிருந்து, எப்படி வந்திருக்கிறேன் என்பது எதிரில் இருந்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

அந்த விற்பனையாளர் பொய் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியாது. வண்டியின் விலை என்ன என்று கேட்டேன். அதற்குப் பதில் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. அமெரிக்காவில் இதற்கு ‘அவுட் த டோர்’ விலை என்று பெயர்; பேச்சில் ஓடிடி என்பார்கள். வண்டி விலை, டாக் ஃபீ என்னும் ஆவணக் கட்டணம், தற்காலிக நம்பர் பிளேட்டுக்கான தொகை, வரியை டீலரே வசூலிப்பதாக இருந்தால் அது, ஏற்கெனவே பொருத்திய உபரிகள் என அனைத்தும் அதில் அடங்க வேண்டும். டாக் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் 175 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஃபுளோரிடாவில் வரம்பே இல்லாததால் ஆயிரம் டாலரை ஒட்டிக் கேட்பது அங்கே சாதாரணம். ஃபுளோரிடாவில் வண்டி 800 டாலர் மலிவு என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னால், டாக் ஃபீயைச் சேர்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புதிய காரின் கண்ணாடியில் விலை விவரத்தை ஒட்ட வேண்டும் என்று 1958-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால்தான் அந்த ஸ்டிக்கரை இன்றும் அழைக்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. டீலர் தனி வணிகர். கூட்டியும் விற்கலாம், குறைத்தும் விற்கலாம். வாங்கிய மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம் வாட்ஸாப் குழுக்களில் அடிக்கடி ஒரு செய்தி வலம் வருகிறது. கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் மூன்று நாள் விதி வீடு தேடி வந்து விற்பவர்களைப் போன்றோருக்கானது; டீலரின் இடத்துக்கே போய் வாங்கிய காருக்கு அது பொருந்தாது. மொத்த விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயனில்லாத உபரிகளுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று அதே ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியை இறுதி செய்தது. சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிக நைட்ரஜன் இல்லாத ‘நைட்ரஜன் டயர்’ அந்த ஆணையமே காட்டிய உதாரணங்களில் ஒன்று என்பதைப் படித்தபோது என் தாளில் இருந்த நான்கு உபரிகள் நினைவுக்கு வந்தன. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்த விதி நடைமுறைக்கு வரும் முன்பே, 2025 ஜனவரியில், ஆணையம் உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று கூறி ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அது நின்றிருக்க வேண்டிய விதி என்றே நான் கருதுகிறேன். நடைமுறைக் குறையைச் சரிசெய்து மீண்டும் கொண்டுவர வேண்டும்.

வரி பற்றியும் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. பக்கத்திலுள்ள டெலவேரில் விற்பனை வரி இல்லை, அங்கே வாங்கினால் வரி மிச்சம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். காருக்கான வரி வாங்கும் இடத்தைப் பொறுத்ததன்று, பதிவு செய்யும் இடத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் பதிவு செய்தால் 6.625 சதவீதம்; 45,000 டாலர் வண்டிக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். எங்கே வாங்கினாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். சிலர் விற்பனை வரி இல்லாத மொன்டானாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் கார் வாங்கி இங்கே ஓட்டுகிறார்கள். அது வரி ஏய்ப்பு. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவே வேண்டாம். சியன்னா தயாராகும் ஆலை இந்தியானாவின் பிரின்ஸ்டனில் இருப்பதால் அங்கே வாங்கினால் டெலிவரி கட்டணம் இருக்காது என்றும் ஒருவர் என்னிடம் வாதிட்டார். ஆலைக்கு எதிர்த்தெருவில் வாங்கினாலும் ஸ்டிக்கரில் அந்தக் கட்டணம் உண்டு.

நியூ ஜெர்சிக்காரர்கள் மாசு உமிழ்வுச் சான்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் தரவிதிகளை நம் மாநிலமும் ஏற்றிருப்பதால், 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டி அந்தத் தரத்துக்குச் சான்று பெற்றிருந்தால்தான் இங்கே பதிவாகும். இப்போது பெரும்பாலான கார்கள் ஐம்பது மாநிலங்களுக்கும் சேர்த்தே சான்று பெறுகின்றன. இருந்தாலும் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்த லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்; டீலருக்கு இரண்டு நிமிட வேலை.

அதைவிட அதிகம் அலைக்கழிப்பது காகித வேலை. உள்ளூர் டீலர் நம் சார்பாகப் பதிவு முழுவதையும் முடித்துத் தருவார். வெளிமாநில டீலர்களில் பலர் அதைச் செய்வதில்லை. புதிய காருக்கு டைட்டில் என்னும் உரிமைப் பத்திரத்துக்கு முன் இருக்கும் ஆவணம் தயாரிப்பாளரின் மூலச் சான்றிதழ். அதை டீலர் உங்கள் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தால்தான் மோட்டார் வாகன ஆணையத்தில் பதிவு நடக்கும். கடனில் வாங்கினால் அது டீலருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே பயணப்பட்டுக்கொண்டிருக்கும். தற்காலிகப் பிளேட்டோ சில வாரங்களுக்கு மட்டுமே செல்லும். எனக்குச் சான்றிதழ் வந்து சேரும்போது அந்தப் பிளேட் காலாவதியாக நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. சான்றிதழை யார், என்றைக்கு, எந்த முகவரிக்கு அனுப்புவார்கள் என்பதையும் விலையோடு சேர்த்து எழுதி வாங்குங்கள்.

வாரண்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் வாரண்டியை அதே பிராண்டின் எந்த டீலரும் ஏற்பார். வேறிடத்தில் வாங்கினாய் என்று வீட்டருகே முகம் சுளிப்பார்களோ என்று நானும் முதலில் தயங்கினேன். எங்கள் வண்டியை மூன்று ஆண்டுகளாக அருகிலுள்ள சர்வீஸ் சென்டரில்தான் விடுகிறேன், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடந்த கோடையில் என் தம்பிக்குக் கார் வாங்க மீண்டும் ஒஹாயோவுக்குப் போனோம். இம்முறை கிளீவ்லாண்டுக்கு அருகே. முதலில் எங்கள் ஊர் டீலரிடம் போய், ஒஹாயோவிலிருந்து வந்த ஓடிடி விலையைக் காட்டினோம். அதைவிட 600 டாலருக்கு மேல் கூடாமல் இறங்கி வந்தால் இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று தம்பி மனப்பூர்வமாகச் சொன்னான். இரண்டு நாள் பயணத்துக்கும் அலைச்சலுக்கும் அது தகும் என்பது எங்கள் கணக்கு. அவர்களால் முடியவில்லை. பிறகு வின் எண்ணோடு கூடிய முழு விலைத்தாளில் அந்த ஒஹாயோ டீலரின் விற்பனை மேலாளரிடம் கையெழுத்து வாங்கி மின்னஞ்சலில் பெற்றோம். கடனைக் கிரெடிட் யூனியன் என்னும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஏற்பாடு செய்தோம். இன்சூரன்ஸில் புதிய வண்டியைச் சேர்த்த சான்றைக் கையில் எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்து செய்யக்கூடிய திரும்பு டிக்கெட்டும் எடுத்தோம். அதை மேசைமேல் எடுத்துக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. தாளில் இருந்த தொகையும் மின்னஞ்சலில் இருந்த தொகையும் ஒன்றாகவே இருந்தன. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. தம்பி அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈஸிபாஸ் சுங்கக் கட்டணக் கருவியைக் கண்ணாடியில் ஒட்டி வண்டியைக் கிளப்பினான். பென்சில்வேனியாவைக் கடந்து வீடு வந்து சேரும்போது இரவு பதினொன்றாகிவிட்டது.