பல்லு தேய்க்கலையான்னு கேக்குறதை முதல்ல நிறுத்துங்க

தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்குக் குடுக்குற காத்தழுத்த மெஷின்தான் சிபாப். அதை மாட்டிக்கிட்டுத் தூங்குற மனுஷன் காலையில வாயைத் திறந்தா வீடே மூஞ்சியைத் திருப்பிக்குது. "ராத்திரி பல்லு தேய்ச்சீங்களா இல்லையா?"ன்னு ஒரு கேள்வி வேற. தேய்ச்சுட்டு, கொப்பளிச்சுட்டு, கிராம்பும் மென்னுட்டுத்தான் படுத்திருப்பாரு! பெரும்பாலும் இந்த நாத்தம் அழுக்குல வர்றதில்ல, வறட்சியில வர்றது. மெஷினை வீட்டுல இறக்கி வெக்கிற அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கணும். பெங்களூர்ல மெஷின் விக்கிறவங்க பல பேரு பட்டனைக் காட்டிட்டு, பில்லை நீட்டிட்டுக் கிளம்பிடுறாங்க. அவமானம் மட்டும் நோயாளிக்கு.

நடக்குறது இதுதான். மெஷின் மூக்கு வழியா அழுத்தத்தோட காத்தை உள்ள தள்ளுது. தூக்கத்துல தாடை தளர்ந்து வாய் திறந்துக்கிட்டா, அந்தக் காத்துல ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாம நாக்கை உரசிக்கிட்டு வாய் வழியா வெளிய ஓடுது, மணிக்கணக்கா. தூக்கத்துல எச்சில் ஏற்கனவே கம்மியாத்தான் ஊறும், அதுவும் காஞ்சு போகுது. கழுவி விட எச்சில் இல்லைன்னா நாக்கோட பின்பக்கம் ஒட்டியிருக்கிற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அது புரதத்தைச் சிதைச்சு ஹைட்ரஜன் சல்பைடை விடுது. அழுகின முட்டை நாத்தம்னு சொல்றோமே, அதேதான். இதுக்குப் போயி ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தூக்கிக் குடுக்குறாங்க! அது வாயை இன்னும் காய வெக்கும்.

முதல்ல லீக் கணக்கைப் பாருங்க. மெஷின் திரையிலயோ ஆப்லயோ இருக்கும். ரெஸ்மெட் மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினா அதிகம். கண்ணுல காத்து அடிச்சா மாஸ்க் ஓரத்துல ஒழுகுது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு முழிப்பு வந்தா வாய் வழியா ஒழுகுது.

வாய் ஏன் திறக்குது? பல பேருக்கு மூக்கடைப்புதான் காரணம். பார்த்தீனியமும் கட்டட வேலைத் தூசியும் இருக்கிற ஊருல அலர்ஜிக்கா பஞ்சம்? கொதிக்க வெச்சு ஆற வெச்ச 240 மில்லி தண்ணியில அயோடின் இல்லாத உப்பு அரை டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டுப் படுக்குறதுக்கு முன்னாடி மூக்கைக் கழுவுங்க. குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விடவே கூடாது. அப்புறமும் அடைச்சா இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. வாய் திறக்காம இருக்கக் கட்டுற தாடைப் பட்டை தாடையைத்தான் பிடிக்கும், உதட்டை மூடாது. பட்டை போட்டும் லீக் குறையலைன்னா வாயையும் மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வேணும். இணையத்துல பாத்துட்டு வாயில டேப் ஒட்டாதீங்க. மூக்கு அடைச்சாலோ வாந்தி வந்தாலோ உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஹியூமிடிஃபையர், அதாவது மெஷின் காத்துக்கு ஈரம் சேர்க்கிற தண்ணி டப்பா. இதுல நடக்குற அநியாயத்தைப் பாத்தாத்தான் வயிறு எரியுது. "ஆர்.ஓ. தண்ணியே போதும் சார்"னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. போதாது! ஆர்.ஓ. தண்ணியிலயும் உப்பு மிச்சம் இருக்கும். போர்வெல் டேங்கர் தண்ணியோ கேக்கவே வேணாம், சீக்கிரமே டப்பா அடியில வெள்ளைப் படிவம் கட்டிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். பெட்ரோல் பங்க் பேட்டரி தண்ணி வேண்டாம், அது மூச்சுக்குன்னு தயாரிச்சது இல்ல. ஒரு ராத்திரி கைவசம் இல்லைன்னா ஆர்.ஓ. தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்துங்க, காலையில கொட்டிடுங்க. மிச்சத் தண்ணி மேல புதுசா ஊத்துறதுதான் வழவழப்புக்கும் பூஞ்சை வாடைக்கும் காரணம். படிவத்துக்கு ஒரு பங்கு வினிகர், பத்துப் பங்கு தண்ணி கலந்து ஊற வெச்சு நல்லா அலசுங்க.

வாய் காஞ்சா ஈரப்பத அளவை ஒவ்வொரு எண்ணா ஏத்துங்க. டிசம்பர், ஜனவரி குளிருல குழாய்க்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு மூஞ்சியில தெறிக்கும். உடனே ஈரப்பதத்தை அணைச்சுடுறாங்க, திரும்ப வறட்சி. அணைக்காதீங்க. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழ வெச்சு, குழாய்க்குத் துணி உறை போடுங்க, இல்லைன்னா சூடாகுற குழாய் வாங்குங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது பேட்டரி தாங்கணும்னு ஹீட்டரை நிறுத்துறவங்க, கரண்ட் வந்ததும் மறக்காம திரும்பப் போடுங்க.

நாத்தம் வாயில இல்லாம மாஸ்க்லயும் இருக்கலாம். குழாயைக் கழட்டி மெஷின் காத்தை மோந்து பாருங்க, அப்புறம் மாஸ்க்ல முகத்தை ஒட்டுற குஷனைத் தனியா மோந்து பாருங்க. ஃபுல் ஃபேஸ்ல முகத்து எண்ணெயும் எச்சிலும் சிலிக்கான்ல படிஞ்சு நேரா மூக்குக்குத்தான் வரும். குஷனைத் தினமும், குழாயை வாரம் ஒரு தடவை, வெதுவெதுப்பான தண்ணியில மென்மையான சோப்பு போட்டுக் கழுவி நிழல்ல காய வைங்க. டெட்டால் வேண்டாம், அந்த வாடையை ராத்திரியெல்லாம் இழுக்க வேண்டியிருக்கும். ஓசோன் வாயுவால மெஷினைச் சுத்தம் பண்ற கிளீனரை யாராவது தலையில கட்டப் பாத்தா, அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020லயே அதைப் பத்தி எச்சரிச்சதைச் சொல்லுங்க.

நாக்கு வழிக்கிறதைக் காலையில மட்டும் செய்யாம ராத்திரியும் செய்யுங்க. பல் செட்டைக் கழட்டித் தண்ணியில போடுங்க. செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையும் வாயைக் காய வெக்கும், டாக்டர்கிட்ட கேளுங்க. ஈறுல ரத்தம் வந்தா பல் டாக்டர்கிட்ட போகணும், மெஷின் மேல பழி போடக் கூடாது.

இந்த வெக்கத்துக்காகவே மெஷினைப் பரண்ல போடுறவங்க இருக்காங்க. மூச்சு நின்னு நின்னு வர்றது திரும்பிடும், ரத்த அழுத்தம் ஏறும். ஒரு நாலு வார்த்தை விளக்கம் இல்லாததுக்கு இவ்வளவு பெரிய விலையா? இனிமே வாங்குறவங்க மாஸ்க்கை மூணு சைஸ்லயும் படுத்துக்கிட்டு, காத்து ஓட விட்டு, வாயைத் தளர்த்திப் போட்டுப் பாக்காம காசு குடுக்காதீங்க. சைஸ் சேரலைன்னா மாத்தித் தருவோம்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.