2028இல் இரண்டாம் வருகை என்பது வேதம் சொல்லும் கணக்கா?

1948இல் இஸ்ரேல் தேசம் உருவானதே மத்தேயு 24ஆம் அதிகாரத்து அத்திமரம் துளிர்த்ததன் நிறைவேற்றம் என்றும், இவையெல்லாம் நிறைவேறுமுன் ஒழிந்துபோகாது என்று இயேசு அங்கே சொன்ன சந்ததியின் அளவு சங்கீதம் 90:10 கூறும் 80 ஆண்டே என்றும் கொண்டு, 2028க்குள் கிறிஸ்து திரும்பி வருவார் என்று பரப்பப்படும் செய்திக்கு வேத ஆதாரம் இல்லை. அந்த உவமையில் இஸ்ரேலின் பெயரே இல்லை. லூக்கா 21:29இல் இயேசு அத்திமரத்தோடு மற்றெல்லா மரங்களையும் சேர்த்தே காட்டுகிறார். சங்கீதமோ மனித ஆயுளின் குறுமையை எண்ணிச் செய்யும் ஜெபம். அதுவும் 70 ஆண்டையே முதலில் சொல்கிறது. இதே 1948உடன், ஒரு சந்ததியின் அளவாக 40 ஆண்டைக் கூட்டி 1988ஐக் குறித்தவர்களை நம்பி விசுவாசிகள் ஏமாந்தது வேதனைக்குரியது. நாளும் நாழிகையும்தான் மறைக்கப்பட்டவை, ஆண்டைக் கணிக்கலாம் என்போருக்கு அப்போஸ்தலர் 1:7 விடையளிக்கிறது: காலங்களையும் வேளைகளையும் பிதா தம்முடைய ஆதீனத்திலேயே வைத்திருக்கிறார்.