வெட்கப்படுவது நோய்க்குச் சாட்சியா?

ஆண்கள் மீதே ஈர்ப்பு கொண்டு, அதற்காக வெட்கப்படும், கடலூரில் இருக்கும் தன் தம்பியைப் பற்றிக் கேட்டவருக்கு, "தன்பாலீர்ப்பு நோய்தான். அதனால்தான் வெட்கப்படுகிறான், புதுச்சேரியில் கவுன்சிலிங் கொடுத்தால் மாறிவிடுவான்" என்று மேலே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தவறான தகவல். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

வெட்கம் வெளியிலிருந்து வருவது. தன் ஈர்ப்பு தனக்கே புரியும் முன்பே பள்ளியில் கேட்ட கேலி, வீட்டில் விழுந்த வசை எல்லாம் உள்ளே தங்கி, ஒரு கட்டத்தில் 'நானே தப்பு' என்று சொந்தக் குரலில் பேச ஆரம்பித்துவிடும். இலான் மேயர் என்ற ஆய்வாளர் 1995-ல் இதைச் 'சிறுபான்மை மன அழுத்தத்தின்', அதாவது சமூகம் ஒதுக்குவதால் சிறுபான்மையினர் கூடுதலாகச் சுமக்கும் அழுத்தத்தின், ஒரு பகுதியாக விளக்கினார். நல்ல உளவியலாளர் இந்த வெட்கத்தைக் குறைக்கத்தான் உதவுவார். அப்புறம், ஈர்ப்பை மாற்றும் சிகிச்சையை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்துவிட்டது. தயவுசெய்து தம்பியை அதற்கு அழைத்துப் போகாதீர்கள்.