ஸ்டென்ட் வைத்தால் ‘பம்பிங்’ 60 ஆகிவிடுமா?

செங்கோட்டை, புளியரை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “பம்பிங் 30தானா? திருவனந்தபுரம் போய் ஸ்டென்ட் வைத்தால் 60 ஆகிவிடும், அப்புறம் மாத்திரையே வேண்டாம்.” இரண்டுமே தவறு.

இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். 60 என்றதும் பரீட்சை மார்க் மாதிரி நினைக்க வேண்டாம். நல்ல இதயமே ஒரு துடிப்பில் 55 முதல் 70 சதவீத ரத்தத்தைத்தான் வெளியே தள்ளும். சரி, இதய ரத்தக்குழாயின் அடைப்பை ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்துத் திறந்தால், போதிய ரத்தமின்றித் தூங்கும் இதயத் தசை விழித்துக்கொள்ளாதா? மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். பிரிட்டனில் பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே இருந்த 700 பேரிடம் சோதித்தார்கள். ‘ரிவைவ்ட்’ என்ற அந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஸ்டென்டும் மருந்தும் பெற்றவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் ஆறாம் மாதத்திலும் சரி, ஒரு வருடத்திலும் சரி, பம்பிங்கில் பெரிய வித்தியாசமில்லை. இறந்தவர்கள், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கணக்கும் முறையே 37.2, 38 சதவீதம், ஏறக்குறைய ஒன்றுதான்.

மாரடைப்பு வந்த நேரம் என்றால் கதை வேறு. அப்போது அடைப்பை உடனே திறப்பது தசையையும் உயிரையும் காக்கும்.

அந்த மாத்திரைப் பேச்சுதான் ஆபத்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.