குஞ்சோடு நிற்கும் விரால்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தூண்டில் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அணையோரம், முழங்கால் அளவுத் தண்ணீர், மூழ்கிக் கிடக்கும் புல். நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் செக்கச்செவேல் என்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பின் மேலேயே தூண்டில் முள் வைத்த ரப்பர் தவளை வந்து விழுந்தது. முதல் வீச்சுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஒரு சுழிப்பு. மூன்றாவதுக்குப் பளாரென்று ஒரே அடி. விரால், எப்படியும் மூன்று கிலோ இருக்கும். அதைக் கரையில் போட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடியும் வீசி, கொஞ்ச நேரத்தில் ஜோடியையும் எடுத்துவிட்டார் தம்பி. கீழே கைதட்டல், நெருப்புப் படங்கள், 'மாஸ்'.

நான் ஒரே வரிதான் எழுதினேன்: 'குஞ்சோட நின்னதை விட்டிருக்கலாம்.' பிடித்துக்கொண்டார்கள். அதிலும் ஒருவர், 'அப்போ நீங்க சாம்பார் சாப்பிடுங்க ப்ரோ' என்றார்.

நான் சாம்பாரும் சாப்பிடுவேன், விரால் குழம்பு இரண்டு தட்டு கூடுதலாகவே சாப்பிடுவேன். கொளத்தூர்ப் பக்கம் பிறந்து மேட்டூர் அணைத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு மீன்மேல் சைவ இரக்கம் எல்லாம் வராது. எனக்கு வந்த கோபம் வேறு. குழுவில் எழுதினால் கத்திக் கத்தி முடியும் என்பதால் இங்கே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு வட்டம் முழுக்க விரால் குஞ்சுகள். கேரளத்துத் தூண்டில்காரர்கள் இதைப் 'பார்ப்பு' என்பார்கள். நம்முடைய பழைய சொல்தான், நாம் விட்டுவிட்டோம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிக் கரைப்புல்லை மூடும்போது விரால் ஜோடி ஓரத்துக்கு வரும். புல்லை விலக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவாக்கி முட்டை விடும். முட்டை அடியில் தங்காது, மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். அதற்கப்புறம் வாரக்கணக்கில் குஞ்சுகள் ஒரே திரளாகத்தான் அலையும், பெரியவை இரண்டும் அடியிலேயே காவல் நிற்கும். விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் கிடையாது, வெளிக்காற்றையும் குடிக்க வேண்டும். குஞ்சுகளும் கொஞ்சம் வளர்ந்ததும் மூச்சுக்காக மேலே வந்து வந்து போகும். தண்ணீர் கொதிப்பது போலத் தெரிவது அதனால்தான்.

அந்த நேரத்தில் அது தவளையை அடிப்பது பசிக்காக இல்லை. குஞ்சுகள் நடுவில் ஏதோ விழுகிறது, விரட்ட வருகிறது. வாயைத் திறந்துகொண்டு வராமல் முட்டித் தள்ளிவிட்டுப் போவதும் உண்டு. முதல் இரண்டு வீச்சில் முள் ஏறாததற்கு அதுதான் காரணம். மூன்று தடவை, பத்துத் தடவை போட்டால் ஒரு தடவை கட்டாயம் கவ்வும். சாதாரண நாளில் விரால் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவனுக்குத் தெரியும். தாமரை இலைக்கு நடுவில் தவளையைப் போட்டு, ஆட்டி, நிறுத்தி, அது அடித்ததும் பதறி இழுக்காமல் ஒன்று இரண்டு எண்ணி அப்புறம் ராடைத் தூக்க வேண்டும். பாதி நாள் வெறுங்கையோடுதான் வீடு. குஞ்சோடு நிற்கும் மீனிடம் இந்த வித்தை எதுவுமே தேவையில்லை. அது ஓடாது, அங்கேயேதான் நிற்கும். அதை எடுத்துவிட்டு 'மாஸ்' என்று போட்டுக்கொள்வதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரிய நியாயவாதி மாதிரி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் செய்திருக்கிறேன். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் சுற்றிய வருடம். அப்போது ரப்பர் தவளையெல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. மூங்கில் கழி, தடித்த நரம்பு, முள்ளில் உயிர்த்தவளை. பெரியப்பாவோடு அணைக்கரையில் பண்ணவாடிப் பக்கம் போயிருந்தேன். அவர் தள்ளி உட்கார்ந்து கெண்டைக்குத் தக்கை போட்டிருந்தார். எனக்குக் குஞ்சுத் திரள் கண்ணில் பட்டது. காலை ஒன்பது மணிக்குள் இரண்டையும் எடுத்துவிட்டேன். சாக்கில் போட்டுத் தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டு, சாதித்த திருப்தியில் அங்கேயே புளியமரத்தடியில் படுத்தேன்.

படுத்த இடத்திலிருந்து திரள் தெரிந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு சலசலப்பு. ஜிலேபி மீன்கள் வந்திருந்தன. விலாப் பக்கமாகப் புகுந்து புகுந்து எடுத்தன. திரள் இரண்டாக உடைந்தது. அப்புறம் மீன்கொத்தி ஒன்று. அது ஒரு குச்சியில் உட்கார்ந்து அவசரமே இல்லாமல் எடுத்தது. மதியத்துக்கு மேல் சிவப்பாக எதுவுமே இல்லை. டீ குடித்துவிட்டு வந்த பெரியப்பா சாக்கைத் திறந்து பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். 'ரெண்டையுமா எடுத்த?' என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. ராத்திரி பெரியம்மா வைத்த குழம்பை அவரும்தான் சாப்பிட்டார்.

சரி, 'அப்போ எந்த மீனையுமே பிடிக்கக் கூடாதா' என்று கேட்பவர்களுக்கு. தாராளமாகப் பிடியுங்கள், ஆனால் எந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பிடியுங்கள்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. இந்தத் தண்ணீரில் நாம் ஆசையாகப் பிடிக்கும் கட்லா காவேரி மீனே கிடையாது, வடக்கே கங்கைப் பக்கத்து மீன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே ஓடும் வெள்ளத்தில் முட்டை விடும் சாதி. தேங்கின தண்ணீரில் நன்றாகக் கொழுக்கும், குட்டை குளத்தில் இனம் பெருக்காது. 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இவற்றைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அது நடந்த ஜூலை 10-ஐத்தான் இன்றைக்கும் மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இன்றைக்கு அணையில் விடும் குஞ்சுகள் எல்லாம் அந்த ஊசி வழியில் வந்தவை. மேட்டூரிலேயே அரசு மீன் பண்ணை இருக்கிறது. ஆக, நீங்கள் ஒரு பெரிய கட்லாவை எடுத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து விட ஆள் இருக்கிறது. அனுமதி கேட்டு, முறையாக உட்கார்ந்து, கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்து போட்டு, பத்துக் கிலோ கட்லாவை இழுத்தால் நானே வந்து தூக்கிவிடுகிறேன். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். இரையை அடியில் கிடத்திவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு 'அணையில் மீனே இல்லை' என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஜிலேபி இன்னொரு கதை. ஆப்பிரிக்கச் சரக்கு, 1952-இல் இலங்கை வழியாக இங்கே வந்தது. தாய் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். வருடத்தில் பல தடவை பெருகும். நாட்டுக் கெண்டைகள் மேய வேண்டிய இடத்தையெல்லாம் இது பிடித்துக்கொண்டது. சாக்கு நிறைய எடுத்துப் போங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. மண்புழு போதும், சின்னப் பையன்களும் பிடிப்பார்கள். வறுத்தால் அதன் ருசிக்கு விரால் கிட்ட வராது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விராலுக்கு இந்த வசதி எதுவுமில்லை. எங்கள் அணையில் வண்டி வண்டியாக வந்து இறங்கும் குஞ்சுகளில் விரால் குஞ்சை நான் பார்த்ததில்லை. வாயில் வைத்துக் காக்கவும் அதற்குத் தெரியாது. இரண்டு மீன் பக்கத்தில் நின்று விரட்டுவதுதான் அதன் ஒரே ஏற்பாடு. அந்த இரண்டையும் எடுத்தால் ஒரு பருவத்துக் குஞ்சு மொத்தமும் போய்ச் சேரும், நான் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு பார்த்த மாதிரி.

'வலைக்காரன் எல்லாத்தையும் வாரிட்டுப் போறான், நாம ரெண்டு எடுத்தாத்தான் குறைஞ்சிடுமா' என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொடிக்கண்ணி வலை போடுபவர்கள் இருக்கிறார்கள், வெடி போடுபவர்களும் இருக்கிறார்கள், தெரியாதது மாதிரி நடிக்க மாட்டேன். ஆனால் பரிசலில் போய் வலை விடும் ஆள் அந்த வருமானத்தில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுகிறார். நான் சேலத்திலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு, ரீலுக்கே ஆறாயிரம் கொடுத்து, பொழுதுபோக்குக்குப் போகிறவன். அவரோடு என்னை நிறுத்தி நியாயம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, குஞ்சு நிற்கும் ஓரத்தில் வலையை இறக்காமல் சுற்றிப் போகும் பரிசல்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். 'அது அடுத்த வருசத்துச் சோறு தம்பி' என்றார் ஒருவர்.

அதே மூச்சில், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறோம் என்று சொல்லும் கோஷ்டி மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வாயில் கிடுக்கியை மாட்டி, அஞ்சு கிலோ மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, பத்து நிமிடம் போட்டோ எடுத்து, காய்ந்த மணலில் ஒரு புரட்டுப் புரட்டி, அப்புறம் தண்ணீரில் விட்டால் அது பிழைக்கும் என்று யார் சொன்னது? மேலே பூசியிருக்கும் வழவழப்புதான் மீனுக்குச் சட்டை. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வயிற்றைத் தாங்குங்கள், ஒரு படம் எடுத்து உடனே விடுங்கள். முள்ளின் கொக்கியை முன்னாலேயே இடுக்கியால் நசுக்கி வைத்தால் கழற்றுவது சுலபம். இதைச் செய்ய முடியாதென்றால் நல்லபடியாகக் கொன்று குழம்பு வைப்பதே மீனுக்குக் கௌரவம்.

ஒழுங்காகச் செய்தால் பிடித்துத் திரும்ப விடுவதில் என்ன பயன் என்பதற்கு நம் காவேரியிலேயே சாட்சி இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில், மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்த காலம் உண்டு. காவேரியில் கலக்கும் கபினியில் 1946-இல் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பிற்காலத்தில் காவேரிக் கரையில் இருந்த காலிபோரே தூண்டில் முகாமில் பிடித்துத் திரும்ப விடுவதுதான் விதி. பிடித்த ஒவ்வொரு மீனையும் என்ன வகை, எவ்வளவு எடை என்று குறித்து வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளைப் பின்னால் விஞ்ஞானிகள் அலசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காவேரிக்கே சொந்தமான கூன்முதுகு மஹசீர் கண்ணுக்கு முன்னாலேயே குறைந்துகொண்டு வந்திருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியிருக்கிறது. எல்லோரும் பெரிய மீன் படத்தைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார்கள், எந்த மஹசீர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கூன்முதுகு மீனுக்கு அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் வைத்த கையோடு நாள் குறித்த மாதிரி.

நோட்டுப் போட்டு எழுதியதால் மஹசீருக்கு அதுவாவது தெரிந்தது. விராலுக்கு யார் எழுதி வைக்கிறார்கள்? நம் குழுவில் இருக்கும் முந்நூறு பேர் போடும் வீடியோக்கள்தான் கணக்கு.

இதையெல்லாம் எழுதி முடித்து, போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வீடியோ போட்ட தம்பியே போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

'அண்ணா, அது குஞ்சுன்னே எனக்குத் தெரியாதுண்ணா. ஏதோ சின்ன மீன் கூட்டம், விரால் அதைத் திங்க வருதுன்னு நெனச்சுத்தான் போட்டேன்.'

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்தொன்பது வயதாம், ஓசூரில் ஏதோ கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறார், தூண்டில் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. சிவப்பாக ஒரே திரளாக இருந்தால் குஞ்சு, கொஞ்சம் பெரிதானதும் சிவப்பு மங்கிக் கறுக்கும், அப்போதும் பிரியாமல் ஒன்றாகத்தான் சுற்றும், அந்தப் பக்கமே வீசாதே என்று அரைமணி நேரம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'சரிண்ணா, சரிண்ணா' என்றார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

'அந்த ரெண்டும் இன்னும் பிரிட்ஜிலதாண்ணா இருக்கு. என்ன பண்றது?'

குழம்பு வைக்கச் சொன்னேன். புளி கொஞ்சம் தூக்கலாக.