தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள்

தம்பி, மாரிக்குப் படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினைக் கழற்றி வைக்க முன் 'உள்ளே உள்ள தண்ணீர் காய, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரம், அதாவது இம்பெல்லர், ரப்பர். தண்ணீர்தான் அதற்கு வழுக்கல். வெறுமனே ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். முல்லைத்தீவுக் கரையில் நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் இதழ்கள் கறுத்து, நுனி உதிர்ந்து கிடந்தன.

பீப்பாயில் நன்னீர் நிரப்பி, பம்புக்கு மேல் தண்ணீர் நிற்க, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வன்னியில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்துவிடும் என்ற பயம் இல்லை, உப்புத்தான் எதிரி. பிறகு எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானாக வடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுங்கள். சரி, கியர் ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால்? தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒயில் சீல் வளையத்தை இப்போதே மாற்றுங்கள், தை வரை விடாதீர்கள்.