இருபத்தாறாம் தேதி வதந்தியும் நவம்பர் ஒன்றும்

டிசம்பர் நெருங்கினால் போதும், அந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். குஜராத் பூகம்பம் 2001 ஜனவரி 26, ஈரானின் பாம் நகரப் பூகம்பம் 2003 டிசம்பர் 26, சுனாமி 2004 டிசம்பர் 26, மும்பை வெள்ளம் 2005 ஜூலை 26, மும்பைத் தாக்குதல் 2008 நவம்பர் 26. கடைசியில் 26 ராசியில்லாத எண் என்று ஒரு தீர்ப்பு. நம் குமரிக் கடற்கரையில், கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் சுனாமிக்கு ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் இதை அனுப்பிவைக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

ஒக்கிப் புயல் நம் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது 2017 நவம்பர் 30. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவு. லாத்தூர் பூகம்பம் 1993 செப்டம்பர் 30. இவையெல்லாம் ஏன் பட்டியலில் இல்லை? 26 இல்லை என்பதால் இல்லை, அவ்வளவுதான். எந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு தேடினாலும் பிணங்கள் கிடைக்கும்.

ஆனால் அதே 26-இல் காரணத்தோடு அமைந்த ஒன்று உண்டு. அரசியல் சாசனம் ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்தார்கள். 1930 ஜனவரி 26-ஐக் காங்கிரஸ் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடியிருந்தது, அந்த நாளோடு சேரட்டும் என்றுதான். தேதியில் மர்மம் எதுவும் இல்லை, யாரோ உட்கார்ந்து முடிவு செய்தது. நான் பார்ப்பது இதைத்தான்: இந்தத் தேதியை யாராவது குறித்தார்களா, இல்லை அதுவாக வந்து விழுந்ததா?

நவம்பர் 1-ஐ எடுங்கள். 1755-இல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்து, கடல் ஏறி, தீயில் எரிந்தது அன்றுதான். பூமி தேதி பார்க்கவில்லை. ஆனால் அன்று சகல புனிதர் திருநாள். காலைத் திருப்பலிக்குக் கோயில்களில் கூட்டம், பீடமெல்லாம் மெழுகுதிரி. கல் விழுந்து செத்தவர்களையும் பரவிய தீயையும் திருநாள் கூட்டியது. இறந்தவர்களை நினைத்து நவம்பர் 2-இல் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தக் காலைக் கூட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 1954-இல் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியதும் இதே திருநாளில். பிரெஞ்சுக்காரர்கள் பண்டிகை மும்முரத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் குறித்த நாள். 1952-இல் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது பசிபிக் தீவில் நவம்பர் 1 காலை. அந்த நேரம் வாஷிங்டனில் இன்னும் அக்டோபர் 31. இதை எந்தத் தேதிக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அப்புறம் நம்ம நவம்பர் 1. மாநில மறுசீரமைப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 1956 ஆகஸ்ட் 31. அமலுக்கு வர நவம்பர் 1 என்று நாள் குறித்தார்கள். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே சட்டத்தால் கேரளம் பிறந்தது. அன்றைக்குக் களியக்காவிளையைத் தாண்டிப் போனால் கேரளப் பிறவிக் கொண்டாட்டம், இந்தப் பக்கம் இணைப்பு நாள். பின்னால் ஹரியானா (1966), சத்தீஸ்கர் (2000) எல்லாம் நவம்பர் 1-இலேயே வந்தன. ஜார்க்கண்டுக்கு மட்டும் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்தநாள் பார்த்து நவம்பர் 15 கொடுத்தார்கள். அங்கே ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். நமக்குக் கிடைத்தது மாதத்தின் முதல் தேதி.

நவம்பர் 1-க்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறார்கள். நல்லதுதான். 2019-இல் அந்த நாளைத் தமிழ்நாடு நாள் என்றார்கள், 2021-இல் ஜூலை 18-க்கு மாற்றினார்கள். சென்னையில் எந்த நாளை வைத்தாலும் எனக்குச் சண்டை இல்லை.

என் மனத்தாங்கல் வேறு. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளம்பியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஆட்சியில் இருந்தவர் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய சொந்தக் கட்சியான பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே பதவி விலகச் சொன்னார், அவர் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, மாநில எல்லைகளை ஆராய்ந்த பசல் அலி கமிஷன் இந்த நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கே என்று எழுதியது. அந்த அறிக்கைக்கும் சட்டத்துக்கும் முன்னால் தெருவில் விழுந்த உயிர்கள் அவை. ஆகஸ்ட் 11 எங்கள் பக்கத்துக் காலண்டர்களில் வெறும் எண். வதந்தியை அனுப்புகிற குரூப்களில் அன்றைக்கு ஒரு வரி வருவதில்லை. விடுமுறை கேட்கவில்லை. மாவட்டப் பள்ளிகளில் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சுடப்பட்டவர்களின் பெயர்களை வாசிக்கட்டும். ஐந்து நிமிடம் போதும்.